முந்நூற்றுப் பதினெட்டுக்கு அடுத்த எண்

பட்டியல் அக்கா ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்து டிப்போவின் பின்பக்கம், டயர் கிடங்கை ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய அலுவலகம். ரப்பர் வாசனை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு சக்கரம் கழன்றுபோன சுழல் நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஓர் இரும்பு அலமாரி. அந்த இடத்துக்குள்ளேயே ஒரு நாளைக்கு நாலு மைல் நடந்துவிடுவாள். தண்ணீர் குடிக்க எழுவாள், குடிக்காமலே திரும்புவாள். கொண்டையை அவிழ்ப்பாள், முடிவாள், மறுபடி அவிழ்ப்பாள். நாற்காலி கடிக்காது, உட்காரலாம் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அதற்குச் சிரிப்பதற்கும் எழுந்து நின்றுகொள்வாள்.

நூற்று நாற்பது ஓட்டுநர்களில் நாளைக்கு எந்த வண்டியை, எத்தனை மணிக்கு, யார் எடுப்பது என்பது தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் கண்ணாடிப் பலகையில் அவள் ஒட்டும் பட்டியலில்தான் இருக்கும். மூன்று மணிக்கு ஒட்டாவிட்டால் மூன்றேகாலுக்கு வாசலில் கூட்டம் கூடிவிடும். இருபது வருடத்துக்கு முன்பு அவள் தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தாள். அப்போதெல்லாம் ஒரு குமாஸ்தா பட்டியலைக் கையால் எழுதுவார். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவனுக்கு நல்ல நேரமும், வாங்கிக் கொடுக்காதவனுக்கு விடிகாலை வண்டியும் விழும். இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, விடுமுறை நாட்களில் வகுப்புக்குப் போய்ப் படித்து, முறை வைத்து எல்லோருக்கும் சமமாக வேலை போடும் ஒரு புரோகிராமை அவளே எழுதினாள். அது ஓடிய முதல் நாள் யூனியன்காரர்கள் முன்னால் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்: “கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்.” அந்த ஒரு பேச்சுக்காகவே அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கம்ப்யூட்டருக்குத்தான் முகம் தெரியாதே தவிர, அக்காவுக்கு நூற்று நாற்பது முகமும் தெரியும். வம்பு அங்கேதான் தொடங்கியது. இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆறு மாசம் கடைசி வண்டி வேண்டாம் என்று ஒருவர் வந்து நிற்பார். அக்கா புரோகிராமில் ஒரு நிபந்தனை வரி சேர்ப்பாள். முதுகுவலி, மேட்டுச் சாலை வேண்டாம் என்று இன்னொருவர் வருவார். அதற்கும் ஒரு வரி. மாமனாருக்குக் கண் ஆபரேஷன், வியாழக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் என்பார் மூன்றாமவர். அவருக்கும் ஒன்று. வரியைச் சேர்ப்பவள் எடுப்பதில்லை. அந்த இரட்டையர் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், ஆனால் புரோகிராமுக்குள் இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறார்கள். முதுகுவலிக்காரர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அவருடைய முதுகு மட்டும் உள்ளே வலித்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, பதினொரு வழித்தடத் தொகுதிகளுக்கும் ஒரே வேலையைச் செய்யும் பகுதியைப் பதினொரு தடவை நகலெடுத்து ஒட்டியிருந்தாள். எந்த வரி யாருக்காக, ஏன் என்று எங்கேயும் ஒரு குறிப்பு கிடையாது. எனக்குத்தான் தெரியுமே என்பது அவளுடைய நினைப்பு. இதனால்தான் அவளால் ஊருக்குப் போக முடியாது, ஒரு சினிமாவை முழுதாகப் பார்க்க முடியாது. போன் அடித்தால் ஓடி வரவேண்டும்.

இந்த வருடம் மின்சாரப் பேருந்துகள் வருவதாக அறிவிப்பு வந்தது. நடுவில் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற நிறுத்த வேண்டும், அதற்குத் தகுந்தபடி பட்டியல் மாற வேண்டும். அக்கா உள்ளே கை வைத்தாள். ஓர் இடத்தைத் தொட்டால் இன்னோர் இடம் புடைத்தது. முதல் சோதனைப் பட்டியலில் ஒரே ஓட்டுநர் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் இரண்டு வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தன்னைப் பாதியாக வெட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். மேலாளர் சிரிக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதி, இரண்டு மாதத்துக்கு ஓர் ஆளை வரவழைத்தார்.

வந்தவருக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். முன்வழுக்கை, நிதானமான பேச்சு, உட்கார சொந்தமாக ஒரு மெத்தை கொண்டுவந்தார். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய புரோகிராமைப் படித்தார். பக்கத்தில் அக்கா அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அவர் வாயைத் திறந்தார். “நீங்க எழுதினது ஓடுது. அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா இதை யாராலயும் தொட முடியாது. இப்ப உங்களாலயும் முடியல.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

அவர் வேலை செய்யும் முறை இப்படி. புதிதாக எதையும் எழுதக் கூடாது, எதையும் திருத்தவும் கூடாது. இருப்பதைக் கலைத்து, பிரித்து, ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து அடுக்க வேண்டும். ரீஃபேக்டரிங் என்றார். கடந்த பதினான்கு வருடத்தின் விடுப்பு விவரம், வண்டி விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பழைய புரோகிராமுக்குக் கொடுத்து, ஐயாயிரத்துச் சொச்சம் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டார். அதுதான் அளவுகோல். ஒரு சின்ன மாற்றம் செய்தவுடன் மறுபடி எல்லாப் பட்டியலையும் எடுத்து, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். ஓர் எழுத்து மாறினாலும் திரையில் சிவப்பாகக் காட்டும். “உள்ள எதை வேணா மாத்துங்க, வெளிய அப்படியேதான் வரணும்” என்பதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். ஒரே வாரத்தில் டிப்போ அவருக்கு ‘அப்படியே சார்’ என்று பெயர் வைத்துவிட்டது.

மேலாளர் தன் பங்குக்கு ஓர் ஆணை போட்டார். வேலை முடிந்ததும் புரோகிராமுக்குள் இருக்கும் விதிகளையெல்லாம் பெயரோடும் காரணத்தோடும் தாளில் எடுத்து, யூனியன் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்படியே சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பேர் வைக்க முடியாத விதி விதியே இல்லை என்றார்.

அன்றையிலிருந்து அக்காவின் நாலு மைல் எட்டு மைலானது. ஏனென்றால் அவள் புரோகிராமில், நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது வரியில், பெயர் வைக்க முடியாத ஒன்று இருந்தது.

முந்நூற்றுப் பதினெட்டாம் எண் ஓட்டுநர் அவளுடைய வீட்டுக்காரர், பன்னிரண்டாம் எண் தடத்தின் விடிகாலை வண்டி முறைபோட்டுச் சுற்றும் எட்டுப் பேரில் ஒருவர். பதினான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பனிக்காலத்தில், காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பும் பன்னிரண்டாம் எண் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஏரி வளைவில் விளக்கில்லாத சைக்கிள் ஒன்று பனிக்குள்ளிருந்து எதிரே வந்தது. பிரேக் அடித்ததில் வண்டி சறுக்கிக் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. சைக்கிள்காரருக்குக் காலில் முறிவு, மூன்று மாதத்தில் நடந்துவிட்டார். ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவரும் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். ஆனால் தூக்கத்தில் அவருடைய வலது கால் மெத்தையை அழுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத பிரேக்கை அவர் மிதிப்பதை அவள் எத்தனையோ நாள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் மதியம் இரண்டேமுக்காலுக்கு, பட்டியல் ஒட்ட இன்னும் கால்மணி நேரம் இருக்கும்போது, மறுநாள் நாலு ஐம்பது வண்டிக்கு நேராக 318 என்று வந்தது. அவள் புரோகிராமைத் திறந்தாள். எல்லாச் சலுகைகளும் பார்த்து முடித்தபிறகு, அச்சுக்குப் போவதற்குச் சற்று முன்னால், வேறு எந்த விதியும் கலைக்க முடியாத இடமாகப் பார்த்து ஒரு வரியைச் செருகினாள். முந்நூற்றுப் பதினெட்டுக்கு அந்த வண்டி விழுந்தால், அடுத்த எண்ணோடு மாற்றிவிடு. அவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை, அலுவலகத்தில் சொல்லவில்லை. அப்போதைக்கு என்றுதான் நினைத்தாள்.

பதினான்கு வருடம் ஓடிவிட்டது. ஏரி வளைவு தனக்கு வருவதேயில்லை என்பதைக் கணவர் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். டிப்போவில் அவருக்கு மச்சக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பட்டியல் பொண்டாட்டி கையில் என்று ஓரிருவர் முணுமுணுத்தபோதெல்லாம் அக்கா நிமிர்ந்து நின்று, கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது என்று பழையபடி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே அதை நம்பிக்கொண்டாள் போலிருக்கிறது. மனித மனசுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு.

அடுத்த எண், முந்நூற்றுப் பத்தொன்பது, நெட்டை அண்ணன். மச்சக்காரரின் கூட்டாளி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால்தான் அடுத்தடுத்த எண். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுபவர்கள். நாலு ஐம்பது தனக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சுற்றி வருகிறது என்று யாராவது கேட்டால், தலையெழுத்து என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார்.

வேலை என்னவோ அழகாகத்தான் நடந்தது. பதினொரு நகல்களில் ஏழு ஒன்றாகின. தொட்டிலில் கிடந்த இரட்டையரை வெளியே விட்டார்கள். முடிவுத் தேதி போடாததால் காலாவதியாகியும் ஓடிக்கொண்டிருந்த சலுகைகளை முதலில் பெயர் வைத்துத் தனியே அடுக்கி, பிறகு மேலாளர் கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ‘ஓய்வு நேரம் போதுமா’, ‘மேட்டுச் சாலை தவிர்’ என்று துண்டு துண்டாகப் படித்தவுடன் புரிகிற மாதிரி அடுக்கப்பட்டதைப் பார்க்க அக்காவுக்கே ஆசையாக இருந்தது. பழைய அலமாரியில் முதல் தடவையாகத் தரை தெரிகிறதே என்று சொன்னாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர்கள் கை அந்த நாலாயிரத்துச் சொச்ச வரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பைக் கிளறப் போய்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்வரை நடந்தாள். என்ன தொலைத்துவிட்டாய் என்று மச்சக்காரர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தாள்.

அவள் ஒரு திட்டம் போட்டாள். அந்த வரி உட்கார்ந்திருந்த எட்டாவது நகலைப் பொதுப் பகுதியோடு சேர்க்கும் நாளில் அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுவது. சிவப்பு வரும். வந்தால், நகல்கள் ஒன்றுபோல் இல்லை, சேர்க்கும்போது ஏதோ ஒரு வரி விழுந்துவிட்டது, அது தேவையில்லாத பழைய குப்பை என்று சொல்லிவிடலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தப்புதான் இது. இடம் மாற்றுகிற சாக்கில் எதையாவது திருத்தி, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது. அப்படியே சார் வேலை தொடங்கிய அன்றே செய்யாதீர்கள் என்று சொன்ன தப்பும் இதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதைச் செய்துவிட்டு நாற்பது நிமிடம் டயர் கிடங்கைச் சுற்றி வந்தாள். திரும்பியபோது ஆயிரத்து இருநூற்று எண்பது வரிகள் சிவப்பாக இருந்தன. அப்படியே சார் மெத்தையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு திரையை மெதுவாக உருட்டினார்.

எல்லாச் சிவப்பிலும் இரண்டே எண்கள். 318, 319. 318, 319. எல்லாம் நாலு ஐம்பது நாட்கள்.

தானாக விழுந்த வரி இவ்வளவு ஒழுங்காக ஒரே ஆளிடம் போய் விழாது என்றார் அவர். முந்நூற்றுப் பதினெட்டு யார் என்று கேட்டார். ஓர் ஓட்டுநர் என்றாள் அக்கா. அவர் அதற்குமேல் அதைத் துருவவில்லை. வேறொன்றைக் காட்டினார். பதினொரு வருடத்துக்கு முந்தைய ஆறு மாதப் பட்டியல்கள்.

“இந்த ஆறு மாசம் முந்நூத்திப் பத்தொம்போதுக்கு விடிகாலை வண்டி கூடாதுன்னு நீங்களே ஒரு விதி வெச்சிருக்கீங்க. தேதி போட்டிருக்கு. ஆனா பழைய புரோகிராம் அந்த மாசங்கள்லயும் அவருக்கு நாலு அம்பதக் குடுத்திருக்கு. இந்த ஒரு வரி, கடைசில வந்து, உங்க விதியையே தட்டி விட்டிருக்கு.”

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆறு மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நெட்டை அண்ணனின் மனைவி சிகிச்சையில் இருந்தாள். காலை வேளையில்தான் அவளால் எழுந்து உட்கார முடியாது, தூக்கி உட்காரவைத்து மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும். அண்ணன் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். அக்கா உடனே விதி எழுதினாள். இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார், நாலு ஐம்பது இன்னும் வருகிறது என்றார். அவள் இரண்டு நாள் தேடினாள். விதி சரியாகவே இருந்தது. எங்கே இடிக்கிறது என்று அந்தக் காட்டில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது அண்ணே என்று சொல்லி அனுப்பினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வருடக் கடைசியில் அவர் மனைவி இறந்துபோனாள். தானே செருகிய வரி அவளுக்கு அப்போது ஞாபகமே வரவில்லை என்பதை நம்பலாமா? பாதி நம்பலாம். மீதிப் பாதி, அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று தன்னைப் பழக்கி வைத்திருந்தவளுடைய குற்றம்.

வரியைப் பழைய இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, எது வேண்டுமோ அதை வெளிப்படையாகச் செய்யலாம் என்று அப்படியே சார் சொன்னார். எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவர் நல்ல மனிதர்.

அக்கா இரும்பு அலமாரியைத் திறந்தாள். அச்சிட்டு ஒட்டிய பழைய பட்டியல்கள் வருடவாரியாகக் கட்டிக் கிடந்தன. அந்த ஆறு மாதக் கட்டைத் தூசி தட்டிப் பிரித்து, நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஒரு காகிதத்தில் தேதிகளை எழுதினாள். இருபத்து மூன்று. இருபத்து மூன்று விடிகாலைகள். ஒரு பெண்ணைத் தூக்கி உட்காரவைக்க நெட்டை அண்ணன் வீட்டில் இல்லாத விடிகாலைகள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். அன்றைக்குப் பட்டியல் மூன்று பத்துக்குத்தான் ஒட்டப்பட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட்டுநர்களின் ஓய்வறையில் நெட்டை அண்ணன் தனியாக இருந்தார். மச்சக்காரர் வண்டியில் போயிருந்தார். நீள பெஞ்சின் ஒரு முனையில் காலை நீட்டி, பேப்பரைப் பாதியாக மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். வளைவு, மெத்தையை அழுத்திய கால், செருகிய வரி, அடுத்த எண் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பதினான்கு வருடம் அவர் ஓட்டிய நாலு ஐம்பதில் பாதி தன் வீட்டுக்காரருடையது என்றாள். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். கடைசியாக அந்த ஆறு மாதத்தைச் சொல்லிவிட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

“எத்தனை?” என்றார்.

“இருபத்தி மூணுண்ணே.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தேதிகளை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். முடித்து, மறுபடி மேலிருந்து வந்தார். பையிலிருந்த பேனாவால் சில தேதிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். எதிர்ச் சுவரில் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

“இதுல ஒம்பது நாள் நான் போகலம்மா” என்றார். “உன் வீட்டுக்காரன் போனான். அவளுக்கு ரொம்ப முடியாத நாள்லாம் அவன்தான் வந்து வண்டிச் சாவிய வாங்கிட்டுப் போவான். உங்கிட்ட மட்டும் சொல்லிடாதன்னான். தெரிஞ்சா நீ தூங்க மாட்டியாம்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு அந்த வருடம் நினைவுக்கு வந்தது. திடீரென்று ஒரு நாள் மச்சக்காரர் விடிகாலையில் எழுந்து, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று கிளம்பினார். மாதத்துக்கு ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள். பனியில் என்ன நடை என்று அவள் திட்டியிருக்கிறாள். பட்டியலில் அவருடைய வேலை மதியத்துக்கு மேல் இருக்கும் நாட்களாகப் பார்த்துத்தான் அவர் நடக்கப் போயிருக்கிறார். பட்டியல் போட்டவளுக்கே அது தெரியவில்லை.

“மீதி பதினாலு நாள் நான்தான் போனேன்” என்றார் நெட்டை அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, பதினொன்றே கால் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசலில் குனிந்து வெளியேறும்போது ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்காமலே போனார். அந்தப் பதினான்கு நாளைத் திருப்பிக் கொடுக்க எந்தப் புரோகிராமாலும் முடியாது என்பது அக்காவுக்கு அந்த முதுகைப் பார்த்தபோது நன்றாக உறைத்தது. அவள் அழுதாள். அப்போதும் நின்றுகொண்டேதான் அழுதாள்.

சாயங்காலம் வீட்டில் மச்சக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூடாதுதான், ஆனால் அவளால் அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் கை அப்படியே நின்றது. பதினான்கு வருடமாகத் தான் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது பொண்டாட்டி பட்டியலுக்குள் கட்டிக் கொடுத்தது என்று தெரிந்தால் எந்த ஆணுக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அதைவிட, அந்தச் சுமை கூட்டாளியின் தலையில் விழுந்தது அவரை அறைந்தது போலிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

“நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

அவர் கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நெட்டை அண்ணன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது என்ன பேசினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

டிப்போவில் அக்கா வரியைப் பழைய இடத்தில் வைத்தாள். எட்டாவது நகலை மறுபடி சேர்த்தாள். நாற்பது நிமிடம். ஒரு சிவப்பும் இல்லை. அப்புறம் அந்த வரியைத் தனியே பிரித்து எடுத்து, மற்ற விதிகளோடு ஒரு விதியாக அடுக்கினாள். பெயர் வேண்டும். கொண்டையை மூன்று தடவை அவிழ்த்து முடிந்தாள். ‘318க்கு நாலு ஐம்பது கிடையாது’ என்று பெயர் வைத்தாள். காரணம் என்ற இடத்தில், ‘என் பயம்’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

நல்ல வசவு கிடைத்தது. எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வந்தது, பட்டியலில் இனி இரண்டாவது ஆளின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். யூனியன் கூட்டத்தில் விதித்தாளைச் சத்தமாகப் படித்தபோது ஒருவர் எழுந்து, முகம் தெரியாத கம்ப்யூட்டருக்கு ஒரு முகம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். இரண்டு வாரம் ஓட்டுநர்கள் சிலர் அவளை மேடம் என்றார்கள். கிடைத்த வசவு அத்தனையையும்விட அந்த வார்த்தை அதிகமாக வலித்தது. அந்த விதியை நீக்கக் கையெழுத்துப் போட்டவர்களில் நெட்டை அண்ணனும் ஒருவர். நீக்கியபின் ஒப்பிட்டதில் அதே ஆயிரத்து இருநூற்று எண்பது வரிகள் சிவந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றும் எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் முடிந்து அப்படியே சார் மெத்தையை மடித்துக்கொண்டு கிளம்பினார். மின்சார வண்டிகளுக்கான விதியை ஒரே பிற்பகலில் சேர்த்துவிட்டிருந்தார்கள். வேறொன்றும் புடைக்கவில்லை.

புதிய புரோகிராம் ஓட ஆரம்பித்த ஆறாம் நாள் மதியம், மறுநாள் நாலு ஐம்பதுக்கு நேராக 318 என்று வந்தது. பனிக்காலம் தொடங்கியிருந்தது. அக்கா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. அதே கை மடங்கி வந்தது. தாளை எடுத்து, இரண்டாவது கையெழுத்து வாங்கி, மூன்று மணிக்குக் கண்ணாடிப் பலகையில் ஒட்டினாள்.

மறுநாள் விடிகாலையில் மச்சக்காரர் எழும் முன்பே எழுந்துவிட்டாள். காபி போட்டாள், ஆறிப்போக விட்டாள், மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை, அவ்வளவு பனி. ஜாக்கிரதை என்று சொல்ல வாயெடுத்தாள், விழுங்கினாள். கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தாள், அதையும் விழுங்கினாள். அவர் சீருடையின் மேல் பட்டனைப் போட்டு, கண்ணாடியில் தலையை வாரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் காலை வைத்துச் செருப்பு வாரைச் சரிசெய்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், பழைய பொய்யை அதே குரலில் சொன்னார்.

“நடந்துட்டு வரேன்.”

செருப்புச் சத்தம் பனிக்குள் தேய்ந்து மறையும்வரை அக்கா வாசலில் நின்றாள். பன்னிரண்டாம் எண் முதல் வண்டி ஏரி வளைவைத் தாண்டி மறுமுனையைச் சேர நாற்பத்தைந்து நிமிடம் ஆகும் என்பதை அவள் இத்தனை வருடமாகப் பட்டியலில் அடித்து வருகிறாள். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். ஐந்து முப்பத்தைந்து ஆகும்வரை எழுந்திருக்கவே இல்லை.